கோலாலம்பூரில் புதுக் குடித்தனம்: கிருமிநாசினி வாங்குவது முதல் தூக்கிப் போடுவது வரை

செந்தூலோ பூச்சோங்கோ, எங்கே வீடு பிடித்தாலும் பால் காய்ச்சுவதற்கு முன் வீட்டைக் கழுவித்தான் ஆக வேண்டும். ஊரில் என்றால் பினாயில், ப்ளீச்சிங் பவுடர், வேலை முடிந்தது. இங்கே ஸ்பீட்மார்ட்டிலோ மிஸ்டர் டிஐஒய்யிலோ போய் நின்றால் அலமாரி முழுக்கப் போத்தல்கள், லேபிளில் பாதி மலாய். எது கிருமியைக் கொல்லும், எது வாசனைக்கு மட்டும், எதை எதோடு சேர்த்தால் ஆபத்து என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். விசாரித்து, படித்து, ஒரு முறை வீட்டில் மூச்சுத்திணறல் வரைக்கும் பார்த்த பிறகு எழுதுகிறேன். புதிதாக வருகிற குடும்பங்கள், குறிப்பாகக் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இதை முழுதாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

1. சாவி கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை

சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியை முதலில் திறந்து பாருங்கள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன போத்தல்கள் அங்கேதான் கிடக்கும். லேபிள் உரிந்தது, மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைத்தது, இரண்டையும் பயன்படுத்தாதீர்கள். என்னவென்று மோந்து பார்க்கவும் வேண்டாம். இடம் மிச்சமாகட்டும் என்று ஒன்றை இன்னொன்றில் ஊற்றவே ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கித் தனியாக ஒரு பையில் வைத்து, வீட்டுக்காரரிடமோ ஏஜெண்டிடமோ எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

அடுத்தது தரை. டைல்ஸ் என்றால் பிரச்சினை இல்லை. மார்பிள், டெராசோ (சிமெண்டில் மார்பிள் துண்டுகள் பதித்த தரை) என்றால் கவனம். வினிகர், கழிவறை ஆசிட் போன்றவை பட்டால் மார்பிளில் மங்கலான வெள்ளைத் திட்டு விழும், தேய்த்தால் போகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்கில் ப்ளீச் ஊறிக் கிடந்தால் துருப் புள்ளி வரும். இங்கே வாடகைக்கு இரண்டு மாத முன்பணமும் தண்ணீர், மின்சாரத்துக்குத் தனி முன்பணமும் கட்டுவது வழக்கம். காலி செய்யும்போது இந்தத் திட்டுகளைக் காட்டித்தான் பிடிப்பார்கள். அதனால் தண்ணீரைத் தொடும் முன் தரை, சிங்க், குளியலறைக் குழாய் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

குளியலறையில் ஜன்னல் இருக்கிறதா, இல்லை எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும்தானா, அது ஓடுகிறதா என்றும் பாருங்கள். இது ஏன் முக்கியம் என்பது 6ஆம் படியில் வரும்.

2. வாங்க வேண்டியது கொஞ்சம்தான்

ஒரு வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு, சாதாரண ப்ளீச், 70 சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்ப்ரே ஒன்று, இவை போதும். டெட்டால் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறைவில்லை.

ப்ளீச்சை இங்கே எல்லோரும் க்ளோராக்ஸ் என்றே கேட்பார்கள். எந்தப் பிராண்டாக இருந்தாலும் லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்க வேண்டும். வண்ணத் துணிக்கு என்று விற்கும் ப்ளீச் வேறு சரக்கு. அதில் பெரும்பாலும் குளோரின் இருக்காது, கீழே சொல்லும் கணக்கும் அதற்குப் பொருந்தாது. வாசனை சேர்த்தது, ஜெல் மாதிரி கெட்டியாக வருவது, இவையும் வேண்டாம்.

டெட்டால் திரவத்தில் வேலை செய்யும் சரக்கு குளோரோசைலினால், 4.8 சதவீதம். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கும். அந்த வெளுப்பையும் வாசனையையும் பார்த்து எல்லாக் கிருமியும் செத்தது என்று நினைத்துவிட வேண்டாம். கை கால் வாய்ப்புண் நோய், வாந்திபேதி ஆகியவற்றைக் கொண்டுவரும் சில வைரஸ்களிடம் அது அவ்வளவாக எடுபடாது, ஆல்கஹாலும் அப்படித்தான். அங்கே ப்ளீச்தான் வேண்டும். பச்சைக் குழந்தையின் குளியல் தண்ணீரில் டெட்டால் ஊற்றும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. தேவையே இல்லை, தோல்தான் வறண்டு எரியும். வீட்டில் பூனை இருந்தால் டெட்டால், பைன் எண்ணெய் வகைகளைத் தரையில் போடாதீர்கள். பூனை காலை நக்கும், அதன் ஈரலால் அந்தச் சரக்கை முறிக்க முடியாது.

வரலாற்றுக்குள் அதிகம் போகவில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் வருகிற டாக்டர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். பிரசவக் காய்ச்சலில் தாய்மார் சாவது சட்டென்று குறைந்தது. 1860களில் லிஸ்டர் அறுவை சிகிச்சைக்குக் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு வந்தார். புண் சீழ் பிடிப்பது குறைந்தது, ஆனால் அதைத் தினமும் தொட்டவர்களின் கைத்தோல் வெந்து வெடித்தது. கிருமியைக் கொல்லும் சரக்கு நம் தோலையும் நுரையீரலையும் விட்டுவைக்காது என்பது அன்றே தெரிந்த விஷயம். இன்று கடையில் வாங்கும் போத்தலுக்கும் அதே கதைதான்.

மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, சாம்பிராணி எல்லாம் புதுமனைக்குச் செய்யுங்கள், மனசுக்கு நல்லது. கோழி வெட்டிய பலகைக்கு அது போதாது.

3. லேபிளில் பார்க்க வேண்டிய சொற்கள்

மலாய் தெரியாவிட்டாலும் சில சொற்களைப் பழகிக்கொள்ளலாம். பெலுந்துர் என்றால் ப்ளீச். பெம்பஸ்மி கூமான் என்றால் கிருமிநாசினி. தரை துடைக்கும் திரவத்தில் இந்தச் சொல்லோ, கிருமியைக் கொல்லும் என்ற பொருளில் மெம்புனு கூமான் என்றோ இல்லாவிட்டால் அது வாசனைக்கும் அழுக்குக்கும் மட்டும்தான். சாயிர்கான் என்றால் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். பீலாஸ் என்றால் அலசுங்கள். ஜாங்ஙான் சம்புர் என்று இருந்தால் வேறெதோடும் கலக்காதே. தாரிக் லுப்புட் காலாவதித் தேதி. பஹாயா என்று கொட்டை எழுத்தில் இருந்தால் ஆபத்து. அமாரான் என்றால் எச்சரிக்கை, அதற்கு ஒரு படி குறைவு.

சிவப்புக் கரை போட்ட சாய்சதுரப் படங்களையும் கவனியுங்கள். கையின் மேல் திரவம் கொட்டுகிற படம் என்றால் தோலையும் கண்ணையும் அரிக்கும். தீச்சுவாலை என்றால் தீப்பிடிக்கும். ஆல்கஹால் ஸ்ப்ரேயில் அந்தத் தீ இருக்கும். சாமி விளக்கு எரிகிற மூலையிலும் கேஸ் அடுப்புப் பக்கத்திலும் அதை அடிக்காதீர்கள். கையில் சானிட்டைசர் பூசிய ஈரத்தோடு கற்பூரம் ஏற்றாதீர்கள்.

ப்ளீச் போத்தலில் தேதி பார்த்து வாங்குவது ரொம்ப முக்கியம். இந்த ஊர் வெயிலில் அது வாரா வாரம் வீரியம் இழந்துகொண்டே போகும். மலிவு என்று பெரிய கேன் வாங்கி ஒரு வருடம் வைத்திருந்தால் கடைசியில் கையில் இருப்பது உப்புத் தண்ணீர் மாதிரிதான். சின்னப் போத்தல் வாங்கி மாதக் கணக்கில் தீர்த்துவிடுங்கள்.

4. கலக்கும் கணக்கும் செலவும்

போத்தலில் 5.25 சதவீதம் என்று இருந்தால்:

தரை, கதவுக் கைப்பிடி, பொம்மை, கழிவறை இருக்கை: 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி ப்ளீச். இது 0.1 சதவீதக் கரைசல்.

ரத்தம், வாந்தி, மலம் சிந்திய இடம்: 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர். இது ஏறக்குறைய 0.5 சதவீதம்.

கழுவிய வெட்டும் பலகை, சிங்க்: 1 லிட்டருக்கு 1 டீஸ்பூன், அதாவது 5 மில்லி. பிறகு அலசிக் காய வையுங்கள். காய்கறி, பழம், கீரையை இதில் போடவே கூடாது. குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினால் போதும்.

குளிர்ந்த தண்ணீர்தான், சூடு ஆகாது. சூட்டில் ப்ளீச் சிதைந்து வாடையும் கூடும். அளப்பதற்குப் பழைய மருந்து மூடி ஒன்றை எடுத்து, அதன் மேல் மார்க்கரில் ப்ளீச் என்று எழுதி, போத்தல் கழுத்திலேயே ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவிடுங்கள். அது மறுபடி சமையலறைக்கோ மருந்துப் பெட்டிக்கோ போகக்கூடாது.

செலவைப் பார்ப்போம். 1 லிட்டர் போத்தல் 8 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் வாளிக்கு 100 மில்லி, அதாவது 80 சென். ஒரு போத்தலில் 50 லிட்டர் கரைசல் வரும். பாசாரில் விற்கும் விலை கூடிய ஸ்ப்ரேக்களை வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காசை மிச்சம் பிடித்து நல்ல ரப்பர் கையுறை வாங்குங்கள்.

கலந்த கரைசல் அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் வீரியம் போய்விடும். அப்படியே வாளியில் விட்டால் அது வெறும் தேங்கிய தண்ணீர், ஏடிஸ் கொசுவுக்கு வீடு. டெங்கி சோதனைக்கு வருகிறவர்கள் குளியலறை வாளி வரைக்கும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். 1975ஆம் ஆண்டு முதல் இருக்கும் நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தில் கொசு வளர விட்டதற்கு அபராதம் உண்டு.

5. சோப்பு முதலில், ப்ளீச் பிறகு, அப்புறம் காத்திருக்க வேண்டும்

அழுக்கின் மேல் ப்ளீச் ஊற்றினால் அழுக்கே அதைத் தின்றுவிடும். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, அதன்பின் ப்ளீச் கரைசலைப் பூசுங்கள். இடையில் அலசுவதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தேய்த்த சோப்பில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

பூசியதும் துடைப்பதுதான் பலர் செய்வது. அந்த இடம் குறைந்தது 1 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். வாந்தி, மலம் பட்ட இடமென்றால் நான் 10 நிமிடம் விடுவேன். மற்ற கிருமிநாசினிகளில் பல, 10 நிமிடம் கேட்கும், லேபிளைப் பாருங்கள். சீலிங் ஃபேனை முழு வேகத்தில் விட்டால் டைல்ஸ் அதற்குள் உலர்ந்துவிடும். துணியை நன்றாக நனைத்துப் பூசுங்கள். பிறகு குழந்தை தவழுகிற இடத்தையும் வாயில் வைக்கிற பொம்மையையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

நாள் பார்ப்பதிலும் கவனம் தேவை. தண்ணீர் நிறுத்தம் அறிவித்த நாளில் ப்ளீச்சைத் தொடாதீர்கள், அலசவும் கண் கழுவவும் தண்ணீர் இருக்காது. புகைமூட்டம் வந்து ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருக்கிற நாட்களில் சோப்பும் தண்ணீரும் போதும்.

6. ஒரு நேரத்தில் ஒரே ஒரு போத்தல்

இந்த ஒரு படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சுத்தம் செய்ய வந்த அம்மா ஒருவர், மஞ்சள் கறை போக வேண்டும் என்று கழிவறைக்குள் ஆசிட் கிளீனரை ஊற்றி, அது போதாதென்று மேலேயே ப்ளீச்சையும் ஊற்றிவிட்டார். ஜன்னல் இல்லாத குளியலறை, கதவும் பாதி சாத்தியிருந்தது. நீச்சல் குளத்து வாடை மாதிரி ஆரம்பித்து, சட்டென்று மூக்கைக் குத்தும் காட்டமாக மாறியது. கூடத்தில் இருந்த என் மாமியாருக்கே கண்ணில் நீர் வந்து இருமல் பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தோம். பேச முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். மருத்துவமனையில் பார்த்துக் கவனித்து அனுப்பினார்கள், நல்லவேளை.

வந்தது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்தியது அதே வாயுதான். அது காற்றைவிடக் கனமானது, அதனால் தரையோடு தரையாகத் தங்கும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். சேர்க்கவே கூடாதவை:

ப்ளீச்சோடு ஆசிட் வகை எதுவும்: கழிவறை கிளீனர், உப்புக்கறை நீக்கி, வினிகர், எலுமிச்சை, புளி. குளோரின் வரும்.

ப்ளீச்சோடு அம்மோனியா: சில கண்ணாடி கிளீனர்களில் இருக்கும். சிறுநீரிலும் உண்டாகும், அதனால் ஃப்ளஷ் செய்யாத கழிவறையிலோ பூனை மணலிலோ ப்ளீச் ஊற்றாதீர்கள். குளோரமீன் என்ற வாயு வந்து நெஞ்சை அடைக்கும்.

ப்ளீச்சோடு ஆல்கஹால்: குளோரோஃபார்ம் போன்ற நச்சுகள் உண்டாகும்.

ப்ளீச்சோடு டெட்டால்: இரட்டைப் பலன் கிடைக்காது, வேண்டாத சேர்மங்கள்தான் வரும்.

வினிகரோடு ஹைட்ரஜன் பெராக்சைடு: கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அமிலம் வரும்.

கழிவறைக்கு ஆசிட் போட்ட நாளில் ப்ளீச் வேண்டாம். இரண்டும் தேவை என்றால் வேறு வேறு நாளில் செய்யுங்கள், நடுவில் பலமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். ஏற்கனவே கலந்து வாடை வந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய உள்ளே நிற்காதீர்கள். வெளியே வாருங்கள், வாசல் கதவைத் திறங்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போங்கள். வாயு பட்ட சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத்திணறல் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

7. பிள்ளைக்குக் கை கால் வாய்ப்புண் வந்தால், வீட்டுக்குள் வெள்ளம் வந்தால்

தாஸ்காவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், ஒரு பிள்ளைக்குக் கொப்புளம் வந்தால் வரிசையாக எல்லோருக்கும் வரும். சானிட்டைசரை நம்ப வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பொம்மைகளைச் சோப்பில் கழுவி 0.1 சதவீத ப்ளீச்சில் நனைத்து அலசுவது, இதுதான் வழி. டயப்பர் மாற்றுகிற இடத்தை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். பிள்ளை குணமான பிறகும் மலத்தில் வைரஸ் சில வாரங்கள் வெளியேறிக்கொண்டிருக்கும், உடனே விட்டுவிடாதீர்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளச் சேற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்த சேறு அது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு, முதலில் சேற்றைத் தள்ளிச் சோப்பில் கழுவுங்கள். ப்ளீச் கடைசியில்தான்.

8. யாருக்காவது பட்டுவிட்டால்: எண்கள், தாள்கள்

மூச்சு விட முடியவில்லை, மயக்கம், வலிப்பு என்றால் 999. மற்ற நேரத்தில் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை, பூசாட் ராச்சுன் நெகாராவை, 1-800-88-8099 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். பிள்ளை ப்ளீச் குடித்துவிட்டால் "அனாக் சாயா தெர்மினும் பெலுந்துர்" என்று சொல்லுங்கள். வாயுவை சுவாசித்தால் "தெர்ஹிடு காஸ் க்ளோரின்". ஆங்கிலத்திலும் பேசலாம். போத்தல் கையில் இருக்கட்டும், பெயர், சதவீதம், எவ்வளவு, எப்போது என்று கேட்பார்கள்.

கண்ணில் பட்டால் ஓடும் குழாயில் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள், முதலில் கழுவல், பிறகு ஃபோன். குடித்துவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். உள்ளே போகும்போது தொண்டையை எரித்தது வெளியே வரும்போது இன்னொரு முறை எரிக்கும்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள்: இரண்டு எண்கள், வீட்டின் முழு முகவரி, பிளாக், மாடி, வீட்டு எண், அஞ்சல் குறியீடு, வாசல் காவலாளி அறையின் (கார்டு ஹவுஸ்) ஃபோன் எண். ஆம்புலன்ஸ் வருகிறது என்று கார்டிடம் முன்பே சொல்லாவிட்டால் தடுப்புக் கட்டையிலேயே நேரம் போகும். பாஸ்போர்ட், பெர்மிட் நகல், காப்பீட்டு அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு அது பல மடங்கு, வார்டில் சேர்ப்பதற்கு முன்பணமும் கேட்பார்கள். தனியார் என்றால் காப்பீட்டு நிறுவனம் செலவுக்குப் பொறுப்பேற்றுத் தரும் ஜி.எல். கடிதம் வரும்வரை காத்திருக்க நேரிடும், அவசரச் சிகிச்சை ஆரம்பிக்கும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.

9. கம்பெனியை வைத்துக் கிருமிநீக்கம் செய்ய நினைத்தால்

வீடு முழுக்கப் புகை மாதிரி அடிக்கும் சேவைக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்காதீர்கள். தெளிப்பதைவிடத் துணியில் நனைத்துத் துடைப்பதே மேல் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கட்டாயம் வேண்டும் என்றால் சரக்கின் பெயர், அதன் பாதுகாப்புத் தரவுத் தாள், எத்தனை மணி நேரம் கழித்து வீட்டுக்குள் வரலாம் என்பது, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி வேலையிடத்தில் பயன்படும் அபாயகரமான ரசாயனத்துக்கு அந்தத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

10. வைப்பதும் போடுவதும்

ப்ளீச்சும் ஆசிடும் ஒரே அலமாரியில் வேண்டாம், ஒன்று கசிந்தாலும் வேலை கெடும். துணி காயப்போடும் யார்டில் மதிய வெயில் படும், அங்கேயும் வேண்டாம். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பூட்டு உள்ள இடத்தில், வாங்கிய போத்தலிலேயே இருக்கட்டும்.

காலி செய்யும்போது மிச்சத்தைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். மாடியிலிருந்து விழுந்து உடையும், கீழே அள்ளுகிற தொழிலாளி மேல் தெறிக்கும். கொஞ்சம்தான் மிச்சம் என்றால் நிறையத் தண்ணீரோடு கழிவறையில் ஊற்றுங்கள், ஒரு நாளைக்கு ஒரு சரக்கு மட்டும். பாதிக்கு மேல் இருந்தால் லேபிளோடு பக்கத்து வீட்டுக்கோ பில்டிங் துப்புரவு அக்காவுக்கோ கொடுங்கள், கொடுக்கும்போது எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.